ஜிஃப் அசைபடத்தின் கதை

1990களின் பிற்பாதியில் இணையத்தில் உலவியவர்களுக்கு அந்தப் படங்கள் மறந்திருக்காது. 'பணி நடைபெறுகிறது' என்ற பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஓயாமல் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார். ஒரு மூலையில் பூமி உருண்டை சுழலும். இன்னொரு மூலையில் அஞ்சல் பெட்டி ஒன்று திறந்து திறந்து மூடும். இவற்றைச் செய்தவர்களில் பலர் ஓவியர்களும் அல்லர், சினிமாக்காரர்களும் அல்லர். மாணவர்களும், பொழுதுபோக்காக இணையதளம் நடத்தியவர்களும் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து செய்தவை அவை.

அவை எல்லாம் ஜிஃப் என்ற கோப்பு வடிவத்தில் இருந்தன. அந்த வடிவம் அசைபடத்துக்காக உருவாக்கப்பட்டதே அல்ல என்பது ஒரு வேடிக்கை. எல்லோரும் பொதுச்சொத்து என்று நினைத்துப் பயன்படுத்திய அதற்குள் ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து ஒளிந்திருந்தது என்பது அதைவிடப் பெரிய வேடிக்கை!

பிறந்த கதை

அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தொலைபேசி வழியாகக் கணினிச் சேவை வழங்கி வந்தது. அன்றைய மோடம்கள் நொடிக்கு 1200 அல்லது 2400 பிட்டுகள்தான் அனுப்பும். 10 கிலோபைட் படம் ஒன்று வந்து சேரவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே வண்ணப் படங்களைச் சுருக்கி அனுப்ப ஒரு வழி தேவைப்பட்டது. ஸ்டீவ் வில்ஹைட் என்ற பொறியாளரின் குழு அதை உருவாக்கி 1987 ஜூன் 15 அன்று வெளியிட்டது. ஒரு படத்தில் அதிகபட்சம் 256 வண்ணங்கள் என்பது அதன் எல்லை.

படத்தைச் சுருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட முறையின் பெயர் எல்.இசட்.டபிள்யூ. லெம்பெல், ஸிவ் என்ற இருவர் 1978ல் சொன்ன வழியை டெர்ரி வெல்ச் என்பவர் மேம்படுத்தி 1984ல் ஒரு ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். பத்திரங்களில் ஒருவருடைய பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த தடவை 'மேற்படியார்' என்று முடித்துவிடுவார்கள் அல்லவா? அதே தந்திரம்தான். ஏற்கெனவே வந்த வண்ண வரிசை மறுபடியும் வந்தால், அதற்குப் பதிலாக ஒரு சிறு எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

அசையத் தொடங்கியது எப்படி?

ஒரே ஜிஃப் கோப்புக்குள் பல படங்களை வைக்க முதலிலிருந்தே இடம் இருந்தது. 1989ல் வந்த 89ஏ பதிப்பு, ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியில் நூறில் ஒரு பங்கு கணக்கில் குறிக்க வழி செய்தது. ஆனாலும் இந்த வடிவம் அசைபடத்துக்கான மேடை அல்ல, ஏதோ ஓரளவு செய்துகொள்ளலாம் என்றுதான் அந்தப் பதிப்பின் விதிமுறை ஆவணமே சொன்னது.

அந்த 'ஓரளவு' போதுமானதாக இருந்தது. 1996ல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி, இந்தப் படங்களை வரிசையாகக் காட்டியதோடு, முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓட்டவும் செய்தது. எத்தனை முறை ஓட்டுவது என்று கோப்பில் ஒரு எண் இருக்கும். பூஜ்யம் என்றால் முடிவே இல்லாமல் ஓடும். இந்தக் கட்டளையை அடையாளம் காட்ட, 'நெட்ஸ்கேப் 2.0' என்பதை ஆங்கிலத்தில் 11 எழுத்துகளாகக் கோப்புக்குள் எழுதி வைத்தார்கள். அந்த உலாவி மறைந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் இன்று செய்யப்படும் சுழல் ஜிஃப்களுக்குள்ளும் அந்தப் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

அடுக்குகளே காட்சிகள்

இதன் பிறகு கருவிகள் வரிசையாக வந்தன. 1998ல் அடோபியின் இமேஜ்ரெடி வந்தது. அதே ஆண்டு பெயிண்ட் ஷாப் ப்ரோ 5 உடன் அனிமேஷன் ஷாப் என்ற துணை மென்பொருளும் வந்தது. இவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. காசில்லாமல் கிடைத்தது கிம்ப். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995ல் தொடங்கிய வேலை அது. 1998ல் அதன் 1.0 பதிப்பு வெளியானது.

கிம்பில் அசைபடம் செய்ய தனிப் பாடம் எதுவும் படிக்க வேண்டியதில்லை. படத்தின் அடுக்குகளே (லேயர்) காட்சிகள். துள்ளும் பந்து வேண்டுமானால் எட்டு அடுக்குகளில் எட்டு இடங்களில் பந்தை வரைந்தால் போதும். அடியில் இருக்கும் அடுக்கு முதலில் தோன்றும், பிறகு ஒவ்வொன்றாக மேலே. அடுக்கின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் நேரத்தை மில்லி நொடியில் எழுதலாம். 100 என்றால் பந்து வேகமாகத் துள்ளும். அடுக்குகளில் புகைப்படங்களை வைத்து 3000 என்று எழுதினால் அதுவே மூன்று நொடிக்கு ஒரு படம் மாறும் காட்சித்தொகுப்பு. மாறிய பகுதியை மட்டும் சேமித்துக் கோப்பைச் சிறிதாக்கும் வசதியும் உண்டு.

ஆனால் 256 வண்ணங்களில் முகங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும், பாட்டும் சேர்க்க முடியாது. ஆகவே கல்யாண ஆல்பம், சுற்றுலாப் படங்கள் போன்றவை வேறு பக்கம் போயின. 2000ல் விண்டோஸ் மி உடன் வந்த மூவி மேக்கர், புகைப்படங்களை இசையோடு சேர்த்துச் சிறு படமாக்கிக் கொடுத்தது. ஜிஃப் சின்னச் சின்ன அசைவுகளோடு நின்றுகொண்டது.

வந்தது சிக்கல்

வெல்ச் அந்தச் சுருக்கும் முறையைக் கண்டறிந்தபோது ஸ்பெர்ரி என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த நிறுவனம் 1983லேயே காப்புரிமைக்கு (பேடன்ட்) விண்ணப்பித்து 1985ல் பெற்றும்விட்டது. 1986ல் ஸ்பெர்ரி, பரோஸ் நிறுவனத்தோடு இணைந்து யூனிசிஸ் ஆனது. ஆய்விதழில் படித்த பலருக்கு இந்தக் காப்புரிமை பற்றித் தெரியவே தெரியாது. ஜிஃப் உலகம் முழுக்கப் பரவிய பிறகு, 1994 டிசம்பர் இறுதியில், ஜிஃப் மென்பொருள் எழுதுபவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. 1999ல் அது இன்னும் கடுமையானது. உரிமம் பெறாத மென்பொருளில் செய்த ஜிஃப்களை வைத்திருக்கும் இணையதளங்களிடமும் 5,000 டாலர் அல்லது அதற்கு மேல் கேட்கப்பட்டது.

படம் வரைந்தவர் ஒருவர், மென்பொருள் எழுதியவர் இன்னொருவர், பணம் கேட்டவர் மூன்றாமவர்! விலைகொடுத்து வாங்கும் மென்பொருளில் இந்தக் கட்டணத்தை விலையோடு சேர்த்துவிடலாம். இலவசமாகத் தரும் கிம்ப் யாரிடம் வசூலிப்பது? அதனால் டெபியன் லினக்ஸில் கிம்பின் ஜிஃப் வசதியைத் தனியே பிரித்து, 'கட்டற்றது அல்ல' என்ற பிரிவில் வைத்தார்கள். வேறு சில நிரல்கள் படத்தைச் சுருக்காமலே ஜிஃப்பாக எழுதிச் சமாளித்தன. கோப்பு பெரிதாகும், ஆனால் வம்பு இல்லை. 1999 நவம்பர் 5ஐ 'எல்லா ஜிஃப்களையும் எரிப்போம்' நாளாக அறிவித்துப் போராட்டமும் நடந்தது.

மாற்று வழியும் பிறந்தது. 1995 ஜனவரியில் இணையக் குழுக்களில் கூடிய நிரலாளர்கள் காப்புரிமைத் தொல்லை இல்லாத பி.என்.ஜி. வடிவத்தை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1996 அக்டோபரில் அது டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. நிறத்திலும் தரத்திலும் ஜிஃப்பைவிட மேலானது. ஆனால் ஒரு கோப்புக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டார்கள், அசைவு இல்லை. மக்கள் ஜிஃப்பை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். 2004ல் மொசில்லா நிரலாளர்கள் அசையும் பி.என்.ஜி.யை முன்வைத்தபோது, 2007ல் பி.என்.ஜி. குழு வாக்கெடுத்து அதை நிராகரித்தது. அது அதிகாரபூர்வமாக பி.என்.ஜி. விதிமுறைக்குள் வந்தது 2025ல்தான்.

முடிவு

யூனிசிஸின் காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. ஐரோப்பிய நாடுகளிலும் ஜப்பானிலும் கனடாவிலும் அடுத்த ஆண்டு முடிந்தது. பிரித்து வைத்த ஜிஃப் வசதி இலவச மென்பொருள்களுக்குத் திரும்பியது. எரிக்கச் சொன்ன ஜிஃப் அழியவில்லை. 2012ல் ஆக்ஸ்போர்டின் அமெரிக்க அகராதிகள் அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தன. 2013ல் வெபி விருது பெற்ற வில்ஹைட், அதை 'கிஃப்' என்று சொல்லக்கூடாது, 'ஜிஃப்' என்றே சொல்ல வேண்டும் என்று அறிவித்துவிட்டார். அவர் 2022 மார்ச்சில் காலமானார்.

துள்ளும் பந்து வரைந்த மாணவருக்குக் காப்புரிமை எண்ணும் தெரியாது, யூனிசிஸும் தெரியாது. அவர் செய்ததில் தவறும் இல்லை. இருந்தும் எந்தக் கருவி கிடைக்கும், எது கிடைக்காது என்பதை எங்கேயோ இருந்த ஒரு பத்திரம் பல ஆண்டுகள் தீர்மானித்தது. ஒரு கோப்பு வடிவம் எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று கேட்பதோடு, அது யாருக்குச் சொந்தம் என்றும் முதலிலேயே கேட்க வேண்டும். பி.என்.ஜி.யை உருவாக்கியவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஜிஃப்பின் கதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.