குகையும் கொடிமரமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி அமைந்தவை. வேலியோடு வேலி ஒட்டி, சுற்றத்தோடு சுற்றம் பிணைந்து வாழும் இம்மக்கள், உலகை விட்டு வனம் புகுந்த ஒருவரைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்துள்ளனர். அவரே முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகை. பிள்ளைகளுக்கு முகைதீன் என்றும் அப்துல் காதர் என்றும் பெயரிடும் வழக்கம் அப்பற்றுக்குச் சான்றாகும். கூடி வாழ்வோர் தனித்துச் சென்றவரைக் கொண்டாடுவது எதனால்?

ஆண்டகை 1077ஆம் ஆண்டளவில் காஸ்பியன் கடலின் தென்கரையிலுள்ள ஜீலானில் பிறந்தார். இளமையிலே பக்தாது சென்று கல்வி கற்றார். பின்னர் நகரை நீத்து, இராக்கின் பாலைவெளிகளிலும் பாழிடங்களிலும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தனித்து அலைந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1127ஆம் ஆண்டில், ஐம்பது வயதளவில், அவர் பக்தாதில் பிரசங்க மேடை ஏறினார். 1166இல் மறையும்வரை இல்லறம் நடத்தியும் மதரஸாவில் கற்பித்தும் மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார்.

அவர் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்து, பலாங்கொடைக்கு அப்பாலுள்ள கூரகல மலைக் குகையில் 12 ஆண்டுகள் தவமிருந்தார் என்பது இலங்கை முஸ்லிம்களின் மரபு. அவ்விடம் தப்தர் ஜெய்லானி எனப்படும். இப்பயணத்தை நிறுவும் சமகாலச் சான்று கிடைத்திலது. ஆயினும் முஸ்லிம் ஞானியர் இத்தீவின் மலைகளை நாடினர் என்பது வெறுங்கதையன்று. 1344இல் அம்மலை ஏறிய இப்னு பதூதா, வழியில் ஞானியர் பெயரால் வழங்கிய குகைகளைக் குறிப்பிட்டுள்ளார். அவர்களுக்கும் முன்னரே பௌத்த பிக்குகள் கூரகலவில் உறைந்தனர் என்பதை அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. இரு சமயத்தார்க்கும் தனிமை தந்த அம்மலை, பிற்காலத்தில் உரிமைப் பிணக்குக்கு இடமானது வருந்தத்தக்கதே.

தமிழகத்திலும் இத்தகையோர் உளர். தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், மணவாழ்வை மறுத்து வீட்டை விட்டகன்றார். காடு மலைகளில் திரிந்தார். ஈற்றில் சென்னையின் வடபுறத்தே தங்கினார். அவரே ஜீலானி ஆண்டகைமீது முகியித்தீன் சதகம் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு. தனித்திருக்க விழைந்த அவரையும் மக்கள் தேடிச் சென்றனர். தொண்டியார் என அவரை அழைத்ததால் தொண்டியார்பேட்டை என்ற பெயர் வந்ததென்பர்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியும் ஊர் ஊராய் அலைந்த ஒரு துறவியின் பெயரால் நிற்பதே. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் நாகூரில் உள்ளது. கல்முனையில் இருப்பது அவர் நினைவு மட்டுமே. எனினும் ஜுமாதல் ஆகிர் மாதத்தில் அங்கே கொடி ஏறும்போது பல ஊர் மக்கள் மணலில் திரள்கின்றனர். நேர்த்திக்கடன் தீர்க்க வருவோரில் இந்துக்களும் உண்டு.

மலைக்குச் சென்றவர் மலையிலேயே மறைந்திருந்தால் அவர் பெயர் இக்கடற்கரையை எட்டியிராது. வயலும் வலையும் பிள்ளைகளும் விட்டுப் போகவொண்ணாத இம்மக்கள், அவர் அங்கே பெற்ற அமைதியில் தமக்கும் ஒரு பங்கு உண்டென நம்பினர். அவர் திரும்பி வந்தார் என்பதே அந்நம்பிக்கைக்கு ஆதாரம்.