ஒரே மணலில் சிரியமும் குளிரும்

தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு கப்பலேறிய மணல்தான் சிரியம் என்ற உலோகத்தின் கதையை நம் கரைப் பக்கம் திருப்பியது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர் நாரில் கிடந்த மஞ்சள் பழுப்பு மணிகள் மோனசைட் என்று கண்டுகொண்டார். மணல் வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். தோரியமும் அருமண் உலோகங்களும் பாஸ்பேட்டாகச் சேர்ந்த கனிமம் அது. அருமண்களில் பெரும்பங்கு சிரியம்.

அன்றைக்கு மோனசைட்டுக்கு இருந்த கிராக்கியெல்லாம் விளக்குக்காகத்தான். பெட்ரோமாக்ஸ் மேண்டிலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூல் பை முதல் தீயிலேயே எரிந்துபோகும், வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும், விரல் பட்டால் பொடிப்பொடி. அந்தக் கூட்டில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சிரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லையென்றால் வெளிச்சம் எடுபடாது. கூத்தாநல்லூர்ப் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் தலைச்சுமையாக வந்த வெளிச்சத்திலும், வெளிநாடு போய்வந்த சபராளிகள் கொண்டுவந்த லைட்டரின் கல்லிலும் இருந்தது இந்தச் சிரியம்.

அதன் அடுத்த பயணம் குளிரை நோக்கி. எனக்கு அதுதான் பெரிய அதிசயம். சிரியத்தை அலுமினியத்தோடோ, ருத்தேனியம்–சிலிக்கனோடோ குறிப்பிட்ட விகிதத்தில் உருக்கிச் சேர்த்தால் உலோகச் சேர்மம் கிடைக்கும். சாதாரண உலோகம் குளிரக் குளிர விறைக்கும். சிரியச் சேர்மங்கள் பலவும் சில திசைகளில் இளகுகின்றன! இதை ஒலியால் அளக்கிறார்கள். சில மில்லிமீட்டர் படிகத்தின் இரு முகங்களையும் இணையாக இழைத்து, ஒன்றில் மெல்லிய பீசோ தகட்டை ஒட்டி, மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளே அனுப்புவார்கள். எதிர்முகத்தில் மோதித் திரும்ப ஆகும் நேரம் வேகத்தைச் சொல்லிவிடும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால், விறைப்பின் அளவான மீட்சிக் குணகம்.

இளகுவதற்குக் காரணம், சிரிய அணுவின் 4எஃப் கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான். அதன் மின்னூட்டம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. படிகம் இம்மி சாய்ந்தாலும் எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் நகரும். அதுவும் தாழ்ந்த மட்டத்துக்கு மாறி அந்தச் சாய்வுக்கே துணைபோகும். வெப்பநிலை இறங்க இறங்க இந்தத் துணை வலுக்கிறது.

இதைக் காண வேண்டிய கடுங்குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். அதன் கொதிநிலை 4.2 கெல்வின். 1908 ஜூலை 10 அன்று லைடனில் காமர்லிங் ஓனஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். அந்த வாயுவை அவர் சேகரித்ததும் மோனசைட் மணலிலிருந்துதான், அமெரிக்காவின் வட கரோலினா மணல். தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகளே ஹீலியமாகி மணிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சிரியமும், அதைச் சோதிக்க வேண்டிய குளிரும் ஒரே மணலில் இருந்திருக்கின்றன.

இன்னும் ஆழமான குளிரில் சிரியம் வேறொரு வியப்பையும் காட்டியது. 1979-இல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டெக்லிச் குழுவினர், சிரியம்–தாமிரம்–சிலிக்கன் சேர்மம் 0.5 கெல்வினை ஒட்டி மின்தடையே இல்லாமல் போவதை, அதாவது மீகடத்தலை, கண்டார்கள். சிரியம் போன்ற காந்த அணுக்கள் மீகடத்தலைக் கெடுக்கும் என்பதே அதுவரை பாடம். அந்தச் சேர்மத்தில் எலக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.