ஒரே எண், இரண்டு கோளாறுகள்: மூட்டு மாற்றுக்குப் பின் முழங்காற்சில்லின் உயரம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து சில மாதம் கழித்து ஒருவர் வருகிறார். கால் முழுதாக மடங்கவில்லை. படி இறங்கினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து, ‘சில்லு தாழ்ந்துள்ளது’ என்று எழுதிவிடுகிறோம். சில்லு இறங்கியதா, மூட்டு மேலேறியதா? இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத அளவீட்டால் பயனில்லை என்பதே என் வாதம்.

ஜான் இன்சாலும் எட்வர்டோ சல்வாத்தியும் 1971-ல் தந்த விகிதம் எளியது. சில்லிலிருந்து கணைக்கால் எலும்பின் முன்புடைப்பு வரையுள்ள நாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுக்க வேண்டும், 0.8 முதல் 1.2 வரை இயல்பு. பிளாக்பர்ன்–பீல் (1977), கேட்டன்–டெஷாம்ப் (1982) முறைகள் புடைப்பை விட்டுவிட்டுக் கணைக்கால் எலும்பின் மேல்தளத்தைப் பிடித்துக்கொண்டன. சில்லின் மூட்டுப் பரப்பினுடைய கீழ்விளிம்பு அத்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அப்பரப்பின் நீளத்தால் வகுத்தன. எல்லாமே விகிதங்கள் என்பதால் எக்ஸ்ரேயின் உருப்பெருக்கம் தொல்லை தராது. ஆனால் மூன்றும் இயற்கையான முழங்காலுக்காகப் பிறந்தவை. இன்சால் பங்கேற்று வடிவமைத்த டோட்டல் கான்டைலர் செயற்கை மூட்டே 1974-ல்தான் முதன்முதலில் பொருத்தப்பட்டது.

அறுவையில் அந்த மேல்தளம் ரம்பத்துக்குப் போய்விடுகிறது. அதன் இடத்தில் உலோகத் தட்டு, தட்டின் மேல் பாலிஎத்திலீன் செருகல். எக்ஸ்ரேயில் பாலிஎத்திலீன் உலோகத்தைப் போலத் துலங்காது; இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியாகவே தெரியும். அடிக்கோட்டைத் தட்டின் மேல் போடுவதா, கண்ணுக்குத் தெரியாத செருகலின் மேல் போடுவதா? செருகல் 10 மி.மீ. தடிமன், சில்லின் மூட்டுப் பரப்பு 32 மி.மீ. என்றால், இந்த ஒரு முடிவிலேயே பிளாக்பர்ன்–பீல் எண் 0.3 மாறிவிடும். சில்லுக்கும் பிளாஸ்டிக் பொத்தான் வைத்திருந்தால் வகுக்கும் எண்ணும் நம்மிடம் நிற்காது.

கணக்குக்காக ஒரு முழங்காலை எடுத்துக்கொள்வோம். சில்லு 44, நாண் 46, மூட்டுப் பரப்பு 32, தளத்திலிருந்து அதன் உயரம் 26 மி.மீ. இன்சால்–சல்வாத்தி எண் 1.05; பிளாக்பர்ன்–பீல் எண் 0.81. தொடை எலும்பின் கீழ்முனையை அதிகமாக வெட்டி, அதை ஈடுகட்டத் தடித்த செருகல் வைத்ததில் மூட்டுக்கோடு 10 மி.மீ. ஏறியது என்போம். உயரம் 16, பிளாக்பர்ன்–பீல் 0.5. நாணில் மாற்றமில்லை; இன்சால்–சல்வாத்தி அதே 1.05. இப்போது இன்னொருவர்: மூட்டுக்கோடு அப்படியே இருக்க, வடுவால் நாண் 10 மி.மீ. சுருங்கிவிட்டது. அவருக்கும் பிளாக்பர்ன்–பீல் 0.5தான். இன்சால்–சல்வாத்தி மட்டும் 0.82.

முதலாமவருடையது போலித் தாழ்வு, இரண்டாமவருடையது மெய்த்தாழ்வு. முன்னதற்கு மறு அறுவை என்றால் மூட்டுக்கோட்டைக் கீழே கொண்டுவரும் வழியைப் பார்க்க வேண்டும். பின்னதில் கோளாறு நாணில். மூட்டுக்கோட்டைத் திருத்தி அது நீளப்போவதில்லை.

புடைப்பும் சில்லின் முனைகளும் அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் மிஞ்சுவதால் இன்சால்–சல்வாத்தி ஒன்றே போதும் என்பவர்கள் உண்டு. அளப்பவருக்கு அது வசதிதான், ஆனால் மூட்டுக்கோடு ஏறியது அதன் கண்ணில் படாது. படாததைச் சிறிய விஷயமாகவும் ஒதுக்க முடியாது: ஃபிகியும் உடன் ஆய்வாளர்களும் 1986-லேயே, மூட்டுக்கோட்டின் மாற்றம் 8 மி.மீ.க்குள் நின்ற முழங்கால்கள் நன்றாக இயங்கியதைக் காட்டிவிட்டார்கள்.

ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள்; அடிக்கோடு தட்டிலா, செருகலிலா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அறுவைக்கு முன் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயை நோயாளியின் கோப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஒப்பிட வேறு சான்று கிடையாது.