வளைந்த குழாய்

மில்வாக்கியில் உள்ள ஹார்லி-டேவிட்சன் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வண்டி இருக்கிறது. 'வரிசை எண் 1' என்று அதற்குப் பெயர். பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் எஞ்சினில்தான் விழும். அதற்கு அடியில் வளைந்து போகும் இரும்புக் குழாயை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனியைப் பிழைக்க வைத்தது அந்த வளைவுதான்.

1901-ல் வில்லியம் ஹார்லிக்கு 20 வயது. பதின்வயதிலேயே சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு எந்திரங்களுக்குப் படம் வரைபவர் ஆனார். சாதாரண சைக்கிளில் பூட்டக்கூடிய சின்ன எஞ்சின் ஒன்றுக்கு அவர் படம் போட்டார்: 116 சி.சி., 4 அங்குல ஃப்ளைவீல். கூட இருந்தவர் சிறுவயது நண்பர் ஆர்தர் டேவிட்சன். இன்னொரு நண்பரான ஹென்றி மெல்க்கின் வீட்டுப் பட்டறையில் வேலை நடந்தது. கார்புரேட்டரைத் தக்காளி டப்பாவில் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். பட்டறைக் கதை என்றால் ஒரு டப்பா வராமல் இருக்குமா? ஆர்தரின் அண்ணன் வால்டர் ரயில்வேயில் மெஷினிஸ்ட். வண்டி ஓட்டிப் பார்க்கலாம் வா என்று தம்பி கூப்பிட்டதை நம்பி வந்தவருக்கு, வண்டியை முதலில் பூட்டி முடிக்கும் வேலைதான் கிடைத்தது.

1903-ல் வண்டி தயார். சமதரையில் ஓடியது. மில்வாக்கியின் மேட்டில் ஏறச் சொன்னால் திணறியது. பெடல் மிதித்தால்தான் மேலே போகும்.

பெரிய எஞ்சின் வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் சைக்கிள் சட்டம் ஆள் ஏறி மிதிப்பதற்காகக் கட்டியது. சீட்டில் உட்காரும் எடை, பெடலில் இறங்கும் காலின் பலம், இவ்வளவுதான் அதன் கணக்கு. எஞ்சின் ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் சட்டத்தை உதறுகிறது. கிளாம்ப் இறுக்கிய இடத்திலும், பித்தளை ஊற்றிப் பற்றவைத்த மூட்டை ஒட்டியும் மெல்லிய குழாய் களைத்து, ஒருநாள் மயிரிழை போல் விரிசல் விடும். வீட்டில் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே சைக்கிளையே விட்டுவிட்டார்கள். புதிய எஞ்சின் 405 சி.சி.; ஃப்ளைவீல் மட்டும் 9¾ அங்குலம், ஏறக்குறைய 13 கிலோ. அதைச் சுமக்க, முன்பக்கத்திலிருந்து இறங்கும் குழாய் எஞ்சினுக்குக் கீழே வளைந்து பின்னால் ஏறும்படி சட்டத்தைக் கட்டினார்கள். எஞ்சின் குழாயில் தொங்கவில்லை, அதன் மடியில் உட்கார்ந்தது. எடை தரைக்கு அருகில் வந்தது. இப்படி வளைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வெறும் குழாயைச் சூடாக்கி மடக்கினால் உள்பக்கம் நசுங்கிப் போகும். காய்ந்த மணலைத் திணித்து இரு முனையையும் அடைத்து வளைப்பது பழைய பட்டறை வழக்கம்.

யோசனை முழுக்க அவர்களுடையது என்று சொல்ல முடியாது. அதே ஊரில் ஜோசப் மெர்க்கல் 1903-ல் செய்த வண்டியின் சட்டமும் ஏறத்தாழ இதே வடிவம்தான். டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் அப்பா கட்டிக்கொடுத்த, 10 அடிக்கு 15 அடி மரக்கொட்டகையில் எல்லாம் பிறந்தது என்பதும் பாதி உண்மையாகத்தான் இருக்கும். சகோதரர்களில் மூத்தவரான வில்லியம் டேவிட்சன் ரயில்வே பட்டறையில் கருவிப் பிரிவின் ஃபோர்மன். கனமான பாகங்கள் எங்கே கடைசல் பிடிக்கப்பட்டன என்பதை ஊகிக்கலாம்.

1904 செப்டம்பர் 8 அன்று மில்வாக்கி பந்தயத்தில் இந்த வண்டி ஓடி நான்காவதாக வந்தது. அப்படியும் 1905 ஜனவரியில் அவர்கள் விளம்பரம் கொடுத்தது வெறும் எஞ்சினுக்கு: வாங்கிப் போய் அவரவர் சட்டத்தில் பூட்டிக்கொள்ளலாம்! சில மாதங்களில் அந்த வளைந்த சட்டத்தோடு முழு வண்டியும் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு கட்டியவை ஐந்து வண்டிகள் அளவில்தான். அவற்றில் மூன்றை சிகாகோவின் கார்ல் லாங் விற்றுக் கொடுத்தார். மேடு இப்போது பிரச்சினை இல்லை. ஆனாலும் பெடலைக் கழற்றவில்லை. எஞ்சினைக் கிளப்ப அதைத்தான் மிதிக்க வேண்டியிருந்தது.