மக்காச்சோளத்துக்குள் ஒரு நொதி



முளைகட்டிய கேழ்வரகு ஏன் இனிக்கிறது? மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியால். 1833-இல் பிரான்ஸில் பாயனும் பெர்சோவும் அதை முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எத்தனால் ஆலைகள் இவ்வகை நொதியை விலைக்கு வாங்கிச் சேர்க்கின்றன. சின்ஜென்டா நிறுவனமோ, கொதிசூட்டில் வாழும் ஆழ்கடல் நுண்ணுயிர்களின் மரபணுவைக் கொண்டு, மக்காச்சோள மணிக்குள்ளேயே அதை விளையவைத்தது. 2011-இல் அமெரிக்க வேளாண்துறை அனுமதி தந்தது. மாவு ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள்: கொஞ்சம் கலந்தாலும் மாவு இளகிக் கெட்டுப்போகும் என்று.

இங்கே அந்த விதை இன்னும் வரவில்லை. ஆனால் 2025-இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டது. அதற்கு மக்காச்சோளமும் போகிறது. நம் ஓட்டப்பிடாரம் கரிசலிலும் அதுதானே விளைகிறது! நாளை ஒருவர் அதை விதைத்தால், பக்கத்துப் புஞ்சைச் சோளத்தை மாவு ஆலை வாங்குமா? மகரந்தத்துக்கு வரப்பு தெரியாது. விவசாயம் பார்க்கும் பிள்ளைகள் இதை இப்போதே யோசித்து வையுங்கள்.