தங்க விலையில் ஒரு தகர டப்பா

பீரோவில் வைத்துப் பூட்டிய பங்குப் பத்திரங்கள், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு டீமேட் கணக்கில் வெறும் எண்களாகிவிட்டன. காகிதம் போனது, மதிப்பு போகவில்லை. இதே மாதிரி ஒரு விவகாரம் அதற்கு முன்பே இத்தாலியக் கலையில் நடந்தது.

1958 முதல் 1963 வரை இத்தாலிக்குப் 'பொருளாதார அதிசய' காலம். ஸ்கூட்டர், குளிர்பதனப் பெட்டி, டப்பா உணவு எல்லாம் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தன. மிலான் நகரில் லூச்சியோ ஃபொன்டானா 1958-இல் ஓவியத் துணியைக் கத்தியால் கிழித்து, அந்தக் கிழிசலையே படைப்பு என்றார். அவருக்கு இளையவரான பியேரோ மன்சோனி (1933–1963) இன்னும் ஒரு படி மேலே போனார். 1960-இல் பலூனில் மூச்சை ஊதி, லிட்டருக்கு 200 லிரா என்று விலை வைத்தார். காற்று போய்விட்டது, அதில் ஒன்று, பலகையில் ஒட்டிய சுருங்கிய ரப்பராக லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வருஷம் ஜூலையில் அவித்த முட்டைகளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக் கொடுத்தார். வந்தவர்கள் சுமார் 70 நிமிஷத்தில் கண்காட்சியையே சாப்பிட்டு முடித்தார்கள்!

1961 மே மாதம் வந்ததுதான் பெரிய அதிர்ச்சி. 90 தகர டப்பாக்கள்; ஒவ்வொன்றிலும் 30 கிராம் 'கலைஞனின் மலம்' என்று நான்கு மொழிகளில் லேபிள். மேலே வரிசை எண்ணும் கையெழுத்தும். விலை? அதே எடைத் தங்கத்தின் அன்றைய விலை. அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர். ஆக ஒரு டப்பா சுமார் 34 டாலர்.

சீச்சீ என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கேள்வி கூர்மையானது. திறந்தால் டப்பா கெட்டது. திறக்காவிட்டால் உள்ளே என்ன என்று தெரியாது. அப்படியானால் வாங்கியவர் காசு கொடுத்தது எதற்கு? கையெழுத்துக்கும் அதன்மேல் வைத்த நம்பிக்கைக்கும்தான். ரூபாய் நோட்டும் அப்படித்தானே?

மன்சோனி 1963 பிப்ரவரியில் 29 வயதில் காலமானார். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பந்தத்தை அறுத்தார். மன்சோனி கேலியாகப் பிடித்துக்கொண்ட தங்கத்தைப் பணமே கைவிட்டுவிட்டது.

1968-இல் அமெரிக்க விமர்சகர்கள் லூசி லிப்பார்டும் ஜான் சாண்ட்லரும் இந்தப் போக்குக்குக் 'கலையின் பொருளழிவு' என்று பெயர் வைத்தார்கள். பொருள் இல்லாவிட்டால் வியாபாரமும் இராது என்பது அன்றைய நம்பிக்கை. அது பலிக்கவில்லை என்று 1973-இல் லிப்பார்டே எழதிவிட்டார்.

டப்பாவின் கதையும் அதையே சொல்கிறது. 2000-இல் டேட் அருங்காட்சியகம் 4-ஆம் எண் டப்பாவை 22,350 பவுண்டுக்கு வாங்கியது. 2016-இல் மிலான் ஏலத்தில் இன்னொன்று 2,75,000 யூரோவுக்குப் போனது; அன்று 30 கிராம் தங்கம் சுமார் ஆயிரம் யூரோதான். 2021-இல் சால்வத்தோரே கராவு என்ற இத்தாலியர் கண்ணுக்கே தெரியாத சிற்பத்தை 15,000 யூரோவுக்கு விற்றார். வாங்கியவர் கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ்.

பொருள் மறைந்தால் விலை மறைவதில்லை. அது கையெழுத்திட்ட காகிதத்துக்குக் குடிபெயர்கிறது. சந்தையைக் கேலி செய்த டப்பாவையே சந்தை விழுங்கி ஜீரணித்துவிட்டது. மன்சோனி இருந்திருந்தால் சிரித்திருப்பார். அதற்கும் கிராம் கணக்கில் ஒரு விலை வைத்திருப்பார்.