எட்டுத் தந்திகளும் ஒரு பிரடையும்

பொன்விழாக் காணும் ஒரு பங்கின் வரலாற்றை எழுத முற்படுவோர், கோவிலுக்குக் கால்கோள் இட்ட நாளையும், மணிக்கூண்டு எழுந்த நாளையும், பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் குறிப்பது வழக்கம். அவற்றை இம்மலரின் பிற பக்கங்கள் செவ்வனே கூறுகின்றன. நாமோ, நம் பாடகர் மேடையின் மர அலமாரியில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த ஒரு மாண்டலினின் கதையைக் கூற விழைகிறோம். சிறு பொருளுக்கு இத்தனை பக்கமா என்று எவரும் எண்ண வேண்டாம். இறுதிவரை பொறுமையுடன் வாசித்தருள்க.

முதல் வெள்ளிதோறும் நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவரின் இல்லத்திற்கும் நாம் செல்வதுண்டு. பங்கின் தொடக்க நாள்களில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். சென்ற ஆண்டு ஒரு வெள்ளியன்று, நன்றி மன்றாட்டு முடிந்ததும், அவர் நம் கையைப் பற்றி, "சாமி, அந்த மாண்டலின் இன்னும் இருக்கிறதா?" என்று வினவினார். நமக்கு விடை தெரியவில்லை. அன்று மாலையே அலமாரியைத் திறந்தோம். பழைய பலிபீட விரிப்பு ஒன்றில் சுற்றப்பட்டுக் கருவி இருந்தது. உடலில் வெடிப்பு இல்லை, கழுத்து வளையவில்லை. ஆனால் தலைப்பகுதியில் இருந்த எட்டுப் பிரடைகளுள் ஒன்று குமிழை இழந்து, பற்சக்கரமும் தேய்ந்து போயிருந்தது. அந்த ஒரு குறையினாலேயே கருவி முழுவதும் ஊமையாயிற்று.

மாண்டலின் இத்தாலி நாட்டுக் கருவி. வெனிஸ் நகரில் ஆதரவற்ற பெண் பிள்ளைகளின் இல்லத்தில் இசை கற்பித்த அந்தோனியோ விவால்டி, 1703ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றவர். அவர் தனி மாண்டலினுக்கு ஓர் இசைக்கோவையும், இரு மாண்டலின்களுக்கு மற்றொன்றும் இயற்றினார். அந்நாளைய மாண்டலினில் விலங்கு நரம்புகளே பூட்டப்பட்டன. பிரடைகளும் நம் வீணையிலும் வயலினிலும் உள்ளவை போன்ற மரமுளைகளே. பழந்தமிழர் யாழில் இவ்வுறுப்பை மாடகம் என்றனர். மரப்பிரடை, துளையோடு உராயும் பிடிப்பினால் மட்டுமே நிற்பது. கார்த்திகை மழையில் ஊறினால் இறுகும். சித்திரை வெயிலில் காய்ந்தால் நழுவும்.

நேப்பிள்ஸ் நகரத்து பாஸ்குவாலே வினாச்சியா என்பவர் 1835ஆம் ஆண்டளவில் மாண்டலினுக்கு எஃகுத் தந்திகளைப் பூட்டினார். இரண்டிரண்டாய் அமைந்த எட்டுத் தந்திகளும் வயலினைப் போலவே நான்கு சுரங்களில் கூட்டப்படுகின்றன. அவை சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு ஒப்பானது. இதை மரமுளை தாங்குவது அரிது. ஆகவே பற்சக்கரப் பிரடை வழக்கிற்கு வந்தது. கடைக்காரர்கள் இதனை மெஷின் ஹெட் என்றோ, சுருக்கமாகக் கீ என்றோ அழைப்பர். குமிழை ஒரு முறை சுழற்றினால், புரித்தண்டு பற்சக்கரத்தை ஒரு பல் அளவே நகர்த்தும். 14 பற்கள் இருப்பின், தந்தி சுற்றிய தண்டு ஒரு சுற்று வருவதற்குக் குமிழை 14 முறை திருப்ப வேண்டும். குமிழ் தண்டைத் திருப்பும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் குமிழைத் திருப்ப இயலாது. இதுவே அதன் நுட்பம்.

இக்கருவி நம் கோவிலுக்குள் வந்ததும் ஒரு வரலாறே. மேனாட்டு இசைக்கருவிகள் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றார். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு கிதாரும் மாண்டலினும் பழக்கமானவை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், நகரத்து இசையும் புறநகருக்கு எளிதாய் வந்து சேர்ந்தது.

ஆயினும் கோவில் வாயில் உடனே திறக்கவில்லை. 1903ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஒழுங்கில், ஆர்கனுக்கே முதலிடம் தரப்பட்டது; பியானோவும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளும் விலக்கப்பட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், வழிபாட்டிற்குத் தகுதியான பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் எனக் கூறிற்று. திருப்பலி தமிழில் ஒலிக்கலாயிற்று. தமிழ்ப் பாடலுக்குத் தந்திக்கருவிகள் துணை நின்றன. நம் பெரியவர் மாண்டலினோடு மேடை ஏறியது அந்த எழுச்சியின் நாள்களில்தான்.

இதே கருவி கருநாடக இசையிலும் பெருமை பெற்றது. ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், 2014இல் சென்னையில் மறையும்வரை அதைத் தம் குரலாகவே கொண்டிருந்தார். கமகங்களுக்கு இரட்டைத் தந்தி இடையூறு என்று கண்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினை அவர் கையாண்டார். தந்தி குறைந்தால் பிரடையும் குறையும். நமக்கோ எட்டும் வேண்டியிருந்தன.

எனவே பிரடை தேடி மின்சார ரயில் ஏறினோம். நகரத்து இசைக்கருவிக் கடை ஒன்றில் கிதார்ப் பிரடையை நீட்டினர். அதன் தண்டு நம் கருவியின் துளைக்குள் நுழையவே இல்லை. மற்றொரு கடையில், "பழையதை விட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், ஃபாதர்" என்றனர். மூன்றாவது கடையில் மாண்டலினுக்குரிய ஒரு ஜோடி கிடைத்தது; ஒரு தகட்டுக்கு நான்காக எட்டுப் பிரடைகள். மகிழ்ந்து வந்து பொருத்த முயன்றபோதுதான் வேற்றுமை புலப்பட்டது. இன்றைய தகடுகளில் தண்டுக்கும் தண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் 23 மில்லிமீட்டர். நம் கருவியிலோ ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். முதல் தண்டு பொருந்தினால் நான்காவது நாலரை மில்லிமீட்டர் விலகி நின்றது. கடைக்குப் போகுமுன் முதல் தண்டின் நடுவிலிருந்து நான்காவதன் நடுவரை அளந்து, மூன்றால் வகுத்துக் குறித்துச் சென்றிருக்க வேண்டும். அந்த அறிவு நமக்குப் பின்னரே வந்தது!

கிண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்யும் நம் பங்கு இளைஞர் ஒருவர் வழி கண்டார். ஒரு பிரடைதானே பழுது, எட்டையும் ஏன் மாற்ற வேண்டும் என்றார். பழைய தகட்டில் பழுதான துண்டை மட்டும் அறுத்தெடுத்தார். புதிய தகட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து அவ்விடத்தில் திருகாணியால் பொருத்தினார். தனித் துண்டுக்கு இடைவெளிக் கணக்கு இல்லை; தண்டின் பருமன் துளைக்கு ஒத்திருந்தால் போதும். பற்சக்கரம் புரித்தண்டின் எப்பக்கம் இருந்ததோ அப்பக்கமே அமையுமாறும் பார்த்துக்கொண்டார். இல்லையேல் மூன்று குமிழ்கள் ஒரு திசையிலும் நான்காவது எதிர்த்திசையிலும் சுழலும். மற்ற ஏழுக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டார். அவ்வளவே.

அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கியபின் கருவியைப் பெரியவரின் மடியில் வைத்தோம். விரல்கள் நடுங்குவதால் அவரால் வாசிக்க இயலவில்லை. ஆயினும் செவியைத் தலைப்பகுதியில் சாய்த்து, எட்டுத் தந்திகளையும் அரை மணி நேரம் பொறுமையாய்ச் சுருதி கூட்டினார். புதிய பிரடையை மட்டும் இருமுறை தொட்டுப் பார்த்தார். பின்னர், "கருவி கெடவில்லை சாமி, கவனிக்கத்தான் ஆளில்லை" என்றார். அவர் எவரையும் குறை கூறவில்லை. எனினும் அச்சொல் பங்கின் மேய்ப்பனாகிய நம் நெஞ்சில் தைத்தது. கருவியைப் பற்றி அவர் கேட்கும்வரை, அவருடைய பாடகர் பணியைப் பற்றி நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

பங்கு மக்களே, இம்மலரில் பெயர் அச்சாகாத பலர் இப்பங்கின் சுருதியை இத்தனை ஆண்டுகள் காத்து வந்தனர். அவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். விழா முடியுமுன் ஒருவரையேனும் தேடிச் சென்று, அமர்ந்து, கேளுங்கள். பொன்விழாத் திருப்பலியின் காணிக்கைப் பவனியில் பெரியவரின் பேத்தி அந்த மாண்டலினை வாசிப்பார். அவ்வொலி எழும்போது, வீட்டில் படுத்திருக்கும் அவருக்காகவும் ஒரு நொடி மன்றாடுங்கள். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!